தந்தி மாமா பார்த்த ஆட்டுப் படம்

கடலூரில் ஒரு மனிதர் தெருவுக்குள் நுழைந்ததற்காக இரண்டு சாரி வீடுகளும் சேர்ந்து ஒப்பாரி வைத்தன என்றால், அது எங்கள் தந்தி மாமாவுக்காகத்தான். யமன்கூட ஒரு நேரத்தில் ஒரு வீட்டைத்தான் அழவைப்பான். மாமா சைக்கிளில் போனால், யார் வீட்டுக்கு என்று தெரியும் வரை எல்லோரும் அழுவார்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்றபடி ஆபீஸுக்கும் ஊருக்கும் அவர் தந்தி மாமா. கடலூரில் தந்தி ஆபீஸ் ஒன்றுக்கு மேல் உண்டு. எங்களுடையது எது என்று நான் சொல்லப் போவதில்லை. கருவியில் வரும் கட்டுக்கடகட ஒலியைக் காதால் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. பயிற்சி முடித்துச் சேர்ந்த புதிது. நான் எழுதி உறையில் போட்டுக் கொடுப்பதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாமாவின் வேலை.

நம் பக்கத்தில் நல்ல சேதிக்குக் கார்டு போடுவார்கள். சாவுக்குத்தான் தந்தி அடிப்பார்கள். எனவே காக்கிச் சட்டை கண்ணில் பட்டாலே போதும். போதாக்குறைக்கு மாமாவின் முகம் வேறு. நீளமான முகம், தொங்கும் மீசை, எப்போதும் ஈரமாக இருப்பது போன்ற கண்கள். கல்யாண வாழ்த்துத் தந்தியை அவர் நீட்டினால்கூட மாப்பிள்ளை மாலையைக் கழற்றிவிடுவான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பையனுக்கு வேலை கிடைத்து உத்தரவு தந்தியில் வந்தது. மாமா வாசலில் சைக்கிளைச் சாய்ப்பதற்குள் பையனின் அம்மா மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி துணைக்கு வந்து, இறந்தவர் யார் என்று கேட்காமலே அவருடைய குணங்களைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். யாரோ மூங்கிலுக்கு ஆள் அனுப்பினார்கள். "வேலைம்மா, உன் புள்ளைக்கு வேலை கெடச்சிருக்கு" என்று மாமா கத்திப் படித்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேலைதானா? சரி, இவ்ளோ அழுதாச்சு, எங்கப்பன நெனச்சி முடிச்சுடுறேன்" என்று பாக்கியையும் அழுது தீர்த்தாள்.

தேவனாம்பட்டினத்தில் இந்தச் சிரிப்புக்கு இடமில்லை. ஆண்கள் கடலுக்குள் இருக்கும் நேரத்தில் மணலில் காக்கிச் சட்டை தெரிந்தால் பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். மாமா தூரத்திலேயே நின்று உறையைத் தலைக்கு மேல் தூக்கி, "நல்ல தந்தி, நல்ல தந்தி" என்று குரல் கொடுப்பார். ஒருவரும் நம்ப மாட்டார்கள். "உன் மொவத்தப் பாத்தா அப்டித் தெரியலியே மாமா" என்று ஒரு கிழவி சொன்னாளாம். அன்று அவர் ஆபீஸ் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினார். அந்தச் சிரிப்பைப் பார்த்த எங்கள் பெருக்குகிற அம்மாள், "வேணாம் மாமா, பழசே தேவல" என்றாள்.

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். சாவுச் சேதி கேட்ட வீட்டில் அடுப்பு எரியாது. வெளியூர்ச் சாவு என்றால் பஸ் பிடித்து, நடந்து, அழுது, எல்லாம் முடிந்து வாயில் ஒரு கவளம் போவதற்கு மறுநாள் ஆகிவிடும். எனவே அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் தந்தியைக் கொடுப்பது என்று முடிவு செய்தார். உறையை என்னிடம் வாங்கும்போது என் முகத்தைப் பார்ப்பார். என்ன சேதி என்று அதிலேயே தெரிந்துகொள்வார். பிறகு சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சட்டைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, வாடகைக்கு வீடு தேடுபவர் போல உள்ளே நுழைவார். மழை, கிணற்றுத் தண்ணீர், விறகு விலை என்று பேச்சு போகும். நடுவில் சாதாரணமாக, "சாப்டாச்சா?" என்பார். இல்லை என்றால் அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும் வரை உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் துண்டுக்குள்ளிருந்து உறை வரும்.

இரண்டு வருஷத்தில் ஊருக்கு இது தெரிந்துபோயிற்று. விளைவு விபரீதமானது. தமிழில் "சாப்டாச்சா?" என்பதைவிட மரியாதையான கேள்வி கிடையாது. ஆனால் மாமா வாயிலிருந்து அது வந்தால் ஆட்கள் சாய்வார்கள். திருப்பாப்புலியூர் டீக்கடைக்காரரிடம் ஒரு நாள் நிஜமாகவே விசாரிப்பதற்காக, "சாப்டாச்சா மச்சான்?" என்று கேட்டுவிட்டார். டீக்கடைக்காரர் பாலோடு தரையில் உட்கார்ந்து, "யாரு மாமா, எங்க அக்காவா?" என்றார். அக்கா அப்போது கடைக்குப் பின்னால் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வழி மாமாவுக்கு எங்கிருந்து கிடைத்தது என்றால், ஆட்டுப் படத்திலிருந்து.

திருப்பாப்புலியூர்த் தியேட்டர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். அதற்கு முன் பத்து நிமிஷம் பொம்மைப் படம். வாரம் ஒரு கதை என்று பேர்; உண்மையில் எல்லாம் ஒரே கதை. உயரத் தொப்பி போட்ட குண்டுச் சமையல்காரன் ஒருவன். அவன் சமைத்ததை, தொப்பியை, ஏணியை, ஒரு தடவை வீட்டுக் கதவை, தின்றுவிடும் ஓர் ஆடு. துரத்துவான். மொட்டை மாடி முடிந்ததும் தெரியாமல் காற்றிலேயே நடந்து போவான். நடுவில் நின்று கீழே பார்ப்பான். உடனே விழுவான். அப்பளமாகத் தட்டையாகிப் படபடவென்று உதறி எழுந்து, மறுபடி ஆட்டைத் துரத்துவான்.

அந்தப் படத்துக்கு ஊர் ஏன் அப்படி உயிரை விட்டது என்று எங்கள் ஆபீஸில் தகராறே நடக்கும். ஆளுக்கொரு காரணம். பேச்சே இல்லாததால் இங்கிலீஷ் தெரியாதவனும் தெரிந்தவனும் சமம் என்றார் தலைமை குமாஸ்தா. ரிக்‌ஷாக்காரர்களுக்கு ஆடு யாருக்கும் பயப்படாதது பிடித்தது. என்ன நடக்கும் என்று முன்பே தெரிவதுதான் சுகம், அடுத்து என்ன என்று பதற வேண்டாம் என்பது என் கட்சி. மாமாவைப் போலவே தந்தி கொடுக்கப் போகும் இன்னொருவர் கோவிந்து. அவர், "தொப்பி போட்டவன் வுழுந்தா நல்லாத்தான் இருக்கு, அதுக்குக் காரணம் வேறயா?" என்றார்.

மாமா ஒருவர்தான் சமையல்காரன் கட்சி. எல்லோரும் சிரிக்கும்போது அவர் சிரிக்க மாட்டார். விழும் நேரம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பொம்மைப் படம் முடிந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். "மாமா, மெயின் படமே இனிமேத்தான்" என்பார் டிக்கெட் கிழிப்பவர். "அதுல ஆளுங்க சாவுறாங்கப்பா" என்று சொல்லிவிட்டு மாமா சைக்கிளை எடுப்பார்.

ஒரு நாள் அவரிடமே கேட்டேன். "அப்படி என்ன மாமா இருக்கு அதுல?"

"மாடி முடிஞ்சப்புறமும் நடக்கிறான் பாத்தியா பாப்பா? அந்த நாலு எட்டு. காலுக்கடியில ஒண்ணும் இல்ல. ஆனா அவனுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் வுழ மாட்டான். நம்ம கையில இருக்கிற உறையும் அதான். நான் குடுக்காத வரைக்கும் அவுங்க மேலதான் நடந்துகிட்டு இருக்காங்க."

பதவி உயர்வில், ஜன்னலோரம் உட்கார்ந்து தந்தி கொடுக்க வருபவர்களிடம் வாங்கிப் போடும் நாற்காலி இரண்டு முறை அவருக்கு வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார். "நான் உக்காந்துட்டா எவனாவது வாசல்ல நின்னு சாவுத் தந்தின்னு கத்திட்டுப் போய்டுவான்" என்றார். அலைச்சலும் வெயிலும் சாபமுமான அந்த வேலையை ஒருவர் இவ்வளவு பிடித்து வைத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

அது பறிபோகும் நிலை வந்தது.

புதுப்பாளையத்துக்கு ஒரு சர்வேயர் குடும்பத்தோடு மாற்றலாகி வந்திருந்தார். சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. மாமாவின் கேள்விக்கு அர்த்தம் தெரியாத ஒரே வீடு. அவருடைய அண்ணன் இறந்த தந்தியை நான்தான் எடுத்தேன். உடனே புறப்படவும் என்று முடிந்திருந்தது. மாமா துண்டைப் போர்த்திக்கொண்டு போனார். சர்வேயரின் மனைவி அப்போதுதான் உலை வைத்திருந்தாள். மோர் கொடுத்து உட்காரச் சொன்னாள். விறகு ஈரம். மாமா தானே குனிந்து அடுப்பை ஊதிக் கொடுத்தார். சோறு வெந்து, ரசம் கொதித்து, பிள்ளைகள் சாப்பிட்டு, அவர்களும் சாப்பிட்டுக் கை கழுவியபோது உறையை எடுத்தார். மத்தியான பஸ் அதற்குள் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம். சர்வேயர் போய்ச் சேர்ந்தபோது வெள்ளாற்றங்கரையில் புகைதான் இருந்தது.

புகார் வந்தது. விசாரணைக்கு ஒரு மேலதிகாரியும் வந்தார். முந்தின நாள் கோவிந்து மாமாவிடம், "மச்சான், பஞ்சர்னு சொல்லிடு. சைக்கிளு வந்து சாட்சி சொல்லப் போவுதா?" என்றார். நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம். மாமா தலையை ஆட்டினார். அது சரியென்றா இல்லையென்றா என்று அந்த முகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

புகார் கொடுத்த சர்வேயரோடு, தந்தி வந்த நேரத்தைச் சொல்வதற்காக என்னையும் அறையில் உட்காரவைத்திருந்தார்கள்.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்றார் அதிகாரி.

"அந்த சமையல்காரன் சார்" என்றார் மாமா.

"எந்தச் சமையல்காரன்?"

"தொப்பி போட்டவன் சார். மாடியிலேந்து நடந்து வருவான்."

அதிகாரி சர்வேயரைப் பார்த்தார். "உங்க வீட்ல சமையலுக்கு ஆள் இருக்கா?"

"நானும் பொஞ்சாதியும் ரெண்டு புள்ளைங்களும்தான் சார். மாடியும் கெடையாது. ஓட்டு வீடு."

"சரி, அவன் நடந்து எங்கே போனான்?"

"காத்துல சார். கீழ பாக்காத வரைக்கும் நடப்பான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவருக்கு உடம்பு ஏதாவது...?"

"சினிமாவில் வருகிற பொம்மைப் படம் சார்" என்றேன். என் தொழிலில் எத்தனையோ கோணலான சேதிகளைத் தெளிவாக்கியிருக்கிறேன். அன்று அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமாவே முழுதாக விளக்கினார். ஆடு, தொப்பி, மாடி, நாலு எட்டு, உறை. எந்த மேலதிகாரி முன்னாலும் யாரும் இவ்வளவு சோகமாக ஒரு சிரிப்புப் படத்தின் கதையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சர்வேயர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெல்லத்தான் பேசினார்.

"நீங்க நல்லதுன்னுதான் செஞ்சீங்க. எம்பொஞ்சாதியும் அதான் சொல்றா. ஆனா எங்கண்ணன் காத்துல நிக்கலியே அய்யா. அவரு எனக்காக அங்க காத்துக்கிட்டு கெடந்தாரு. நான் இங்க ரசம் ஊத்தித் தின்னுகிட்டு இருந்தேன்."

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"அந்த பஸ்ஸ நான் நெனைக்கவே இல்ல" என்றார். பிறகு அதிகாரியிடம், "பஞ்சர் இல்ல சார்" என்றார். பஞ்சர் என்று யாரும் கேட்கவில்லை.

வேலை போகவில்லை. இனி தந்தி கொடுக்கப் போகக் கூடாது, சிதம்பரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தந்தி வாங்கிப் போட வேண்டும் என்று உத்தரவாயிற்று. எதை இரண்டு முறை வேண்டாம் என்றாரோ, அதே நாற்காலி தண்டனையாக வந்தது.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் தியேட்டருக்கு வந்திருந்தார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். சமையல்காரன் காற்றில் நடந்தான், நின்றான், கீழே பார்த்தான். மாமா அன்று முகத்தைத் திருப்பவில்லை. அவன் தரையில் அடிபடுவதை முழுதாகப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் தந்தி சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தது. புதிதாக வந்தவர் சைக்கிளை விட்டு இறங்காமலே குரல் கொடுப்பார்.

சில மாதம் கழித்துச் சிதம்பரத்திலிருந்து வந்த ஒரு சாவுச் சேதியை எடுத்துக்கொண்டிருந்தேன். தகப்பனார் காலமானார், உடனே புறப்படவும் என்பதோடு நிற்க வேண்டியது நிற்கவில்லை. பன்னிரண்டரை பஸ் என்று வந்தது. பிறகு, சாப்பிட்டுவிட்டு வரவும் என்று வந்தது. தவறு என்று நினைத்து மறுபடி அனுப்பச் சொன்னேன். அதே சொற்கள் திரும்ப வந்தன.

வேலை ஓய்ந்த நேரத்தில் சிதம்பரத்துக் கருவிக்காரர் கம்பி வழியாகவே என்னிடம் புலம்பினார். உங்கள் ஆள் ஒருவரையும் சும்மா விடுவதில்லை என்றார். ஜன்னலில் நடப்பதை அவர் அப்படியே சொன்னார். அழுது வீங்கிய முகத்தோடு ஒருவர், இறந்தவரின் மகளுக்குத் தந்தி கொடுக்க வந்து நிற்பார்.

"பொண்ணு கடலூர்ல எங்க இருக்கா?" என்பார் மாமா.

"மஞ்சக்குப்பம் சார்."

"அப்ப பன்னெண்டரை பஸ்ஸுனு எழுது. அத வுட்டா சாயங்காலம்தான். இன்னும் ரெண்டு வார்த்த போடு."

"வார்த்தைக்குக் காசு ஜாஸ்தி ஆவுதே. இன்னாது அது?"

"சாப்புட்டுட்டு வரச் சொல்லு."

சண்டை போடுவார்களாம். கடைசியில் போட்டுவிட்டுத்தான் போவார்களாம்.

இப்போதும் சிதம்பரத்திலிருந்து சாவுச் சேதி வந்தால், உடனே புறப்படவும் என்பது வந்த பிறகும் நான் தாளிலிருந்து பென்சிலை எடுப்பதில்லை. கருவி ஒரு கணம் நிற்கும். அந்தக் கணம் எனக்குப் பிடிக்காது. பிறகு பஸ் நேரம் வரும், சாப்பாடு வரும். யாருடைய வீட்டிலோ ஒருவர் போய்விட்டார் என்று எழுதிக்கொண்டே, மாமா சௌக்கியமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.