ஐந்து நிமிஷக்காரர்

ஐந்து நிமிஷக்காரர் என்று ஓர் இனம் உண்டு. விருதுநகரிலிருந்து சிவகாசி, சாத்தூர் வரை எந்தத் தெருவிலும் ஒருவராவது அகப்படுவார். எந்த வேலையைச் சொன்னாலும், "இது என்ன, அஞ்சு நிமிச வேலை" என்பார். செய்ய மாட்டார். செய்து பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் முடியாது என்று தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே செய்கிறவர்களிடம் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்.

எங்கள் சாத்தூர்த் தெருவில் அந்த இனத்துக்கு ஒருவர், நல்லசிவம் அண்ணாச்சி. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். வேலைக்கு வருகிறவர்களின் சட்டைப்பையைத் தடவி, தீப்பெட்டி இருக்கிறதா, பீடி இருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம். இரண்டாயிரத்து ஆறில் அவர் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. வந்த மூன்றாம் நாள் காலையில் ஓர் அம்மாள் அதில் தோன்றி, அடுப்பே பற்றவைக்காமல், ஒரு கிண்ணத்து மாதுளையையும் இன்னொரு கிண்ணத்துப் பப்பாளியையும் கெட்டித் தயிரில் கொட்டி, ஒரு கிண்டு கிண்டி, "ஐந்தே நிமிஷத்தில் ஆரோக்கியமான காலை உணவு" என்று சிரித்தார். அந்தப் பழத்தையெல்லாம் உரித்து நறுக்கிக் கிண்ணத்தில் வைத்தது யார் என்று டிவி காட்டவில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை.

அன்றோடு அவர் இட்லியைத் தலைமுழுகினார். "நெருப்பு இல்லாத எடத்துலதான் உசுரு பத்திரம். கம்பெனிக்கும் அதான், வயித்துக்கும் அதான்" என்று டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், இருக்கன்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை ஊர் வரும்வரை விடாமல் சொன்னார். சுகர் வந்தவரைக் கண்டால் பழமும் தயிரும் என்பார். சுகர் வராதவரைக் கண்டால், வந்துவிடும் என்பார். கையில் வடையோடு ஓர் ஆளைப் பார்த்துவிட்டால் அவர் முகத்தில் ஓர் இரக்கம் வரும் பாருங்கள், துட்டி கேட்கப் போன சாவு வீட்டில்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

இனி அந்த ஐந்து நிமிஷம் தயாராகும் விதத்தைக் கேளுங்கள். அவர் மனைவி மாரித்தாய் மதினிக்கும் பட்டாசு வேலைதான், ஆனால் வேறு திசையில், ஏழாயிரம்பண்ணைப் பக்கம். காலை ஆறரைக்கு வேன். மதினி முந்தின நாளே தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, விடியுமுன் எழுந்து, மாதுளையை உதிர்த்து, பப்பாளியைத் தோல் சீவி, சீத்தாப்பழத்தில் கொட்டை கொட்டையாகப் பொறுக்கி எடுத்து, ஊறிய கடலையை உரித்து, தேங்காய் துருவி, டிவியில் கண்டபடி கிண்ணங்களில் வரிசையாக வைத்துவிட்டு, பிறகு தனக்கும் பிள்ளைகளுக்கும் சோறு பொங்க வேண்டும். ஏனென்றால் பிள்ளைகள் அந்தக் கிண்ணங்களைத் தொடுவதில்லை. ஆக, அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்புவதில்லை, அவ்வளவுதான். குளித்துத் திருநீறு பூசி வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிண்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"பாத்தியா? அஞ்சு நிமிசங்கூட ஆகலை."

"அந்தப் பப்பாளியவாச்சும் நீங்க நறுக்கக்கூடாதா?" என்று மதினி ஒரு நாள் கேட்டார்.

"ஃபோர்மேன் கை இது. இரும்பத் தொடக்கூடாதுல்ல?"

பட்டாசு அறைக்குள் இரும்புச் சாமான் ஆகாது, உரசினால் பொறி பறக்கும். அது நிஜம்தான். அந்தச் சட்டம் பப்பாளிக்கும் பொருந்தும் என்று கண்டுபிடித்தவர் இவர் ஒருவரே.

ஆவணியில் தீபாவளி ஆர்டர் குவிந்தது. மதினி இந்தக் கிண்ண வேலையில் இரண்டு தடவை வேனைத் தவறவிட்டார். மதினி கம்பெனியில் ஆட்களை மேய்க்கிற கண்காணி சுப்புலட்சுமி தெருவில் நின்றே சொல்லிவிட்டார்: "யக்கா, சீசன் நேரம். இன்னொரு நாளு வேன விட்டீகன்னா ஒங்க எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவாக. பெறகு எம்மேல வருத்தப்படாதீக." பதினோரு வருஷமாக உட்கார்ந்து வேலை பார்த்த இடம். அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? "அஞ்சு நிமிசம் முந்தி எந்திரி. தீந்துபோச்சு."

சொன்னதோடு விட்டாரா? தெருவுக்கே செய்து காட்டப்போவதாக, சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு எங்களையும் வரச் சொன்னார். நானும், லாரி ஓட்டுகிற உக்கிரபாண்டியும், இன்னும் இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். அண்ணாச்சி முன்னால் முழு மாதுளை, முழுப் பப்பாளி, ஒரு கூடைச் சீத்தாப்பழம், உடைக்காத தேங்காய், ஒரு சட்டித் தயிர். மதினி கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"ஏ, என்ன இது?"

"அஞ்சு நிமிச வேலைதான? வேனுக்கு இன்னும் பத்து நிமிசம் கெடக்கு. நின்னு பாத்துட்டே போறேன்."

மதினி சண்டைக்காரி அல்ல. குரல்கூட உயரவில்லை. அண்ணாச்சி மாதுளையைக் கையில் எடுத்தார். திருப்பினார். எங்கே திறக்கும் என்று தேடினார். கட்டைவிரலால் அமுக்கினார். தரையில் ஒரு தட்டுத் தட்டினார். மாதுளை அசையவில்லை. தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"வாரேன். அண்ணே, எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு மதினி போய் வேனில் ஏறிவிட்டார்.

அண்ணாச்சி வாசலுக்கு ஓடினார். "ஏ மாரி! கத்தி எங்க இருக்கு?"

"ஏன், டிவில சொல்லலையா?" என்றது வேன் ஜன்னல். வேன் முழுக்கச் சிரித்தது. மதினியின் இடம் பிழைத்தது.

நாங்கள் ஏழரை வரை இருந்தோம். "அண்ணாச்சி, எனக்கு லோடு ஏத்தணும்" என்று உக்கிரபாண்டி எழுந்தார். நேரே டீக்கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு வடை தின்றோம். அன்று சட்டையெல்லாம் மாதுளைச் சாற்றோடு கம்பெனிக்குப் போன ஃபோர்மேனைப் பார்த்து, வாட்ச்மேன் எங்கே அடிபட்டது என்று பதறினாராம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதெல்லாம் வேறு ஆட்கள் கதை, நாம் அப்படியில்லை என்று நாற்காலியில் சாய்ந்துகொள்கிறீர்கள். அப்படியே சாய்ந்தபடி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், இது நிஜமாகவே ஐந்து நிமிஷம்கூட ஆகாது. உங்கள் வீட்டில் கத்தி எங்கே இருக்கிறது? அடுக்களைப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட வாய் திறக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.