பக்கம்தாண்டியும் ஓட்டுச் சூடமும்

புராணத்துக்கே கத்தரி போட்ட பூசாரி உலகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவரும் மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் தேயிலை எஸ்டேட்டில்தான் இருந்தார்.

பகலில் ஃபேக்டரி அடுப்புக்கு விறகு தள்ளுவார். சாயங்காலம் குளித்து, ஸ்வெட்டர் மாட்டி, மாரியம்மன் கோயிலில் புராணம் படிப்பார். பெண்களை மட்டமாகச் சொல்லும் இடமோ, இன்ன சாதி உள்ளே வரக்கூடாது என்ற இடமோ வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "இத எழுதுனவருக்கு அன்னிக்கு வீட்ல சண்டை போல. நாம தாண்டிருவோம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதனால் அவர் பெயரே பக்கம்தாண்டி.

அது சாமி வாக்காச்சே என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"சாமி சொன்னது சரிதாங்க. காதுல வாங்கி எழுதுனவன் மனுசன்தானே?"

நான் அப்போது ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. கோயில் கமிட்டிக்குச் செயலாளரும்கூட. பொறுப்பு, மைக்கைத் தட்டி ஹலோ சொல்வது. பாதி நாள் மைக் வேலை செய்யாது. செயலாளரும் அப்படித்தான்.

எழுபதுகளின் கடைசியில் எலெக்சன் வந்தது. கோயில் தலைவராக இருந்த கங்காணிதான் ஒரு வேட்பாளருக்கும் ஆள் திரட்டினார். வெள்ளிக்கிழமை பூசையில் லயத்து வீடுகளில் குடியிருக்கும் ஜனம் மொத்தமும் அந்த வேட்பாளருக்கே ஓட்டு என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யவேண்டும் என்றார். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் செய்த சத்தியத்தை எங்கள் ஆட்கள் மீறவே மாட்டார்கள்.

சூடம் ஏற்றவேண்டியவர் பக்கம்தாண்டி. "ஓட்டு பள்ளிக்கூடத்துல, சாமி கோயில்ல. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க தலைவரே" என்றார். அப்படியானால் வேறு பூசாரியைப் பார்த்துக்கொள்வதாகக் கங்காணி சொல்லிவிட்டார். விறகு தள்ளுவது வயிற்றுக்கு. அம்மன் முன்னால் உட்கார்ந்து படிப்பதற்காகத்தான் அந்த மனிதர் காலையில் எழுந்திருப்பதே.

வெள்ளிக்கிழமை வேட்பாளர் மாலையோடு வந்தார். நான் மைக்கைத் தட்டினேன். பக்கம்தாண்டி சூடத்தை ஏற்றினார். எனக்கே சப்பென்று போய்விட்டது. ஆனால் தட்டு ஜனங்களிடம் வரவில்லை. நேரே வேட்பாளர் மூக்குக்குக் கீழே போய் நின்றது.

"மொதல்ல நீங்க அடிங்க ஐயா. லயத்துக்குத் தண்ணி, டவுனுக்கு ரோடுன்னு சொன்னீங்கல்ல, அத அம்மாவும் கேக்கட்டும். அப்புறம் இவங்க அடிப்பாங்க."

வேட்பாளர் சூடத்தைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். கம்போங் ராஜாவில் இன்னொரு கூட்டம் இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கார் கிளம்பிப் போக, சூடம் தானாக எரிந்து அணைந்தது.

மறுநாளே பூசாரி வேலை போயிற்று. தானா ராத்தாவிலிருந்து புதியவர் வந்தார். நல்ல குரல், ஓர் எழுத்துகூட விடாமல் படிப்பவர். ஒருநாள் பெண்களைத் திட்டும் அந்த இடம் வந்தது. கொழுந்து பறித்துக் களைத்து உட்கார்ந்திருந்தவர்கள் நடுவிலிருந்து ஒரு குரல்.

"சாமி, அந்தப் பக்கத்த தாண்டுங்க லா."

கங்காணியின் மனைவி. புதிய பூசாரி தாண்டவில்லை. பெண்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கம்தாண்டி பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். கங்காணி ஃபேக்டரி அடுப்படிக்குப் போய் எப்படிக் கூப்பிட்டார், இடையில் அவருக்கு வீட்டில் என்ன சாப்பாடு கிடைத்தது என்பதெல்லாம் நாம் தாண்டிவிட வேண்டிய பக்கங்கள்.

பக்கம்தாண்டியைப் பற்றி யார் கேட்டாலும் இன்றைக்கும் உட்காரவைத்துச் சொல்வேன். கதையில் அவர் இறந்துபோன நாள் வரும்போது மட்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாண்டிவிடுகிறேன்.