கறுப்பு வெள்ளையில் மாமனார்

தெருவில் போகிற மனிதரை அவருக்கே தெரியாமல் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் கலை ஆகிவிடும் என்று ஒரு காலத்தில் மனப்பூர்வமாக நம்பினேன். (நம்பியது நான் மட்டும்தான்.)

அப்போது எனக்குக் கச்சிபௌலியில் மென்பொருள் வேலை. கல்யாணமான புதிது. ஃபிரிட்ஜுக்கென்று வைத்திருந்த பணத்தில் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று அலைந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் எடுத்துத் தள்ளுவேன். திருமுல்கேரியில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்த மாமனார் மட்டும் ஃபிரிட்ஜை மறக்கவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "ஜில்லுனு தண்ணி இருக்கா மாப்பிள்ளை?" என்று கேமராவைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அவர் வாயால் ஒரே ஒரு 'நல்லாயிருக்கு' வாங்கிவிட வேண்டும். அதுதான் என் லட்சியம்.

நாங்கள் மாமனார் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு காலையில் அவரே என் கேமராவில் மாட்டினார். பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் டீக்கடைப் புகை. எடுத்துவிட்டேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கறுப்புச் சட்டம் மாட்டி, அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போனேன்.

பூ அலங்காரம் செய்ய வந்தவருக்கு நல்ல மனசு. யாரோ வீட்டுப் பெரியவர், போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்து, மிச்சமிருந்த சாமந்தி மாலையைப் படத்துக்குப் போட்டு ஊதுபத்தியும் ஏற்றிவிட்டார்.

இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது. ஓடினேன். ஜீடிமெட்லாவிலிருந்து வந்த மாமனாரின் தங்கை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா! போன்ல நல்லாத்தானே பேசினே!"

மாமனாரின் அலுவலக நண்பர் ஒருவர் பரிசுப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நேத்துதானே என்னோட சாய் குடிச்சாரு!" என்று தழுதழுத்தார்.

அந்த நேரம் பார்த்து, கலச நீர் ஊற்றி முடித்த ஈர வேட்டியோடும் நெற்றி நிறைய விபூதியோடும் மாமனாரே வாசலுக்கு வந்தார். தங்கை இன்னும் பலமாக அலறினார். (நியாயம்தான்.)

என் மனைவி சுதா என்னைப் பார்த்தாள். அவமானத்தில் அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊரைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

மாமனார் மாலையைக் கழற்றினார். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாயிருக்கு மாப்பிள்ளை," என்றார். "கொஞ்சம் சீக்கிரமா எடுத்துட்டீங்க, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து நான் கேமராவைத் தூக்கினாலே குடும்பம் மொத்தமும் "கலர்ல எடு!" என்று கத்தும். படம் மாமனார் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒவ்வொரு போகிக்கும் அவரே ஏணியில் ஏறி, அதை எடுத்துத் தூசி தட்டி, கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"இந்த வருஷமும் தேவைப்படலை மாப்பிள்ளை," என்று திரும்ப உள்ளே வைப்பார்.

கீழே நின்று ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது என் வேலை.