உஸ்ஸ் வேட்டைக்காரர்கள்

நான் சொல்லப்போவது அப்பட்டமான உண்மை. சரி சரி, கொஞ்சம் இழுத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டுகிறவன் ரப்பரை இழுக்காமல் ஒட்ட முடியுமா?

உஸ்ஸ் வேட்டைக்காரர்கள் என்று ஒரு ரகம் உண்டு. வீட்டுக்குள்ளேயே பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவர்கள். பாட்டு எப்படி என்று இவர்களிடம் கேட்காதீர்கள், தெரியாது. பாட்டுக்குப் பின்னால் கேட்கிற அந்த 'உஸ்ஸ்' ஃபேனா, ஃபிரிட்ஜா, மாடிவீட்டுக் குழாயா என்று கேளுங்கள், சோறு தண்ணி இல்லாமல் சொல்வார்கள். நாள் முழுக்க என் பஞ்சர் கடையில் காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து காது அடைத்துப்போன நானே, வீட்டுக்கு வந்தால் எறும்பு தும்மினாலும் சண்டைக்குப் போவேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு ஒரு பாட்டுக் குழுவில் சேர ஆசை, ரொம்ப நாள் ஆசை. ஒரே ஓர் இடம்தான் காலி. சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டைப் பாடி அனுப்ப வேண்டும்.

"போன்லயே பாடி அனுப்பிடறேங்க" என்றாள்.

விடுவேனா? ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜ் வயரைப் பிடுங்கி, சன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய சட்டைகளைத் திணித்து, கடிகாரத்தின் பேட்டரியை உருவி, கம்பளியைக் கூடாரமாகக் கட்டி அதற்குள் மனைவியை நிறுத்தி, போதாக்குறைக்கு மச்சானை வாசலில் காவல் வைத்து, தெருவில் போன நாயை நுனிக்காலில் போகச் சொன்னேன். போனது.

"மூச்சு முட்டுதுங்க!"

"மெதுவா முட்டட்டும். அதுவும் ரெக்கார்ட் ஆகுது."

வேர்த்துக் கொட்டக் கொட்டப் பாடினாள். அருமையாகப் பாடினாளாம், மச்சான் சொன்னான். நான் எங்கே பாட்டைக் கேட்டேன்?

இவ்வளவுக்குப் பிறகும், கம்ப்யூட்டரில் போட்டால் அடியில் மெல்லிசாக உஸ்ஸ்! அதற்கும் ஒரு வழி இருக்கிறது. யாரும் பாடாத இடமாக ஒரு துண்டை எடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று கம்ப்யூட்டருக்குக் காட்டினால், பாட்டு முழுக்க அதே மாதிரி இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் இருந்த துண்டைக் காட்டினேன். அதில் என் மனைவி சுருதி பிடிக்க 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது என் வேட்டைக் காதில் விழவில்லை. கம்ப்யூட்டர் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. மனைவிதான் இரைச்சல் என்று புரிந்துகொண்டு, அவளை வழித்து எறிந்துவிட்டது. நானும் அவசரக் குடுக்கையாகப் பழைய பதிவின் மேலேயே சேமித்துத் தொலைத்தேன்.

மிச்சம் இருந்தது சில 'ச்', சில 'ப்', நடுவில் என் இருமல் ஒன்று. இருமல் மட்டும் கண்ணாடி மாதிரி சுத்தம்!

"இதுல நான் எங்கங்க?" என்றாள்.

"இரைச்சல் பூரா போயிடுச்சு, பாத்தியா?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நான்?

அவள் மெத்தையை இழுத்துத் தள்ளினாள், ஃபேனைப் போட்டாள், அடுப்படிக்குப் போனாள், எண்ணெய் பொரியப் பொரிய போனிலேயே பாடி அனுப்பிவிட்டாள். பொரித்தது ஆறுவதற்குள் பதில் வந்தது: 'நாளைக்கே வந்துடுங்க.'

நல்ல சேதி கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். அவருக்காகப் பாட்டை மறுபடி போட்டாள்.

"அக்கா, சூப்பர்!" என்றான் மச்சான். "ஆனா பின்னாடி என்னமோ கடகடங்குதே?"

"அது ஃபேன் சத்தம்டா" என்றேன்.

"இல்ல மாமா, இவரு தையல் மெஷின்."

"எம் மெஷினா? அது பூனை மாதிரி ஓடும் தம்பி. அது உன் மூக்கு!"

"யாரு மூக்கைச் சொல்றீங்க?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இவ்வளவு நேரம் படித்தீர்களே, அவள் என்ன பாட்டுப் பாடினாள் என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றியதா? அப்புறம் என்ன, நீங்களும் நம்ம ஆள்தான்.

இருங்கள், தையல்காரர் மச்சானின் காலரைப் பிடித்துவிட்டார். மச்சான் அவர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைப் பிடித்துவிட்டான். விலக்கப் போன என்னையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே குரலில் அவளைப் பார்த்துக் கத்துகிறோம்:

"அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்தேன், சத்தம் சரியாக் கேக்கல!"