ஆறட்டும், அணைக்காதே!

போலாரம் பகுதியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, ஒரு செருப்பில் வார் கிடையாது. நான் விட்டுவந்த டர்போ அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரர் ஹைதராபாத்தில் இன்னொருவர் இல்லை. இருந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

அண்ணன் லாரி மெக்கானிக், நான் அவருடைய கையாள். பெட்ரோல் எஞ்சின் அவருக்குச் சீக்குப்பிள்ளை. "ஒவ்வொரு தடவையும் ப்ளக்கு பத்த வெச்சாத்தான் எரியுமாம்! டீசல் லாரி என்ன நெருப்பா கேக்குது? காத்தை அமுக்கு, தானா எரியும். நாளைக்கு எல்லாக் காரும் லாரிகிட்டதான் கத்துக்கணும்." டீக்கடையில் இதைக் கேட்காதவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க முடியும்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த நேரம் பார்த்து இடத்துக்காரர் எங்கள் ரிப்பேர் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் படுப்பதும் அங்கேதான். அண்ணனின் தங்கை மகள் ஷீலா, கச்சிபௌலியில் கார் எஞ்சின் வடிவமைக்கும் கம்பெனியில் இருந்தாள். அவளுடைய மேலதிகாரிக்கு ஒரு காரை ஓட்டிக்காட்டி, அவருக்குப் பிடித்துவிட்டால் எங்கள் இருவருக்கும் அங்கே வேலை.

அண்ணன் தன் பழைய பெட்ரோல் காரில் லாரி டர்போவை மாட்டினார். எஞ்சின் கக்கும் புகையாலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி அது. பூனைக்குத் தும்பிக்கை வைத்த மாதிரி இருந்தது. பானெட் மூடவில்லை, கயிற்றால் கட்டினோம்.

பாதி வழி கார் நொண்டியது. மேம்பாலத்தில் டர்போ திடீரென விழித்துக்கொண்டது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று நான் முடிவு செய்வதற்குள் கச்சிபௌலி வந்துவிட்டது.

வாசலில் ஷீலா நின்றாள். "சார் மீட்டிங்ல இருக்காரு மாமா. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு வெயிட் பண்ணுங்க."

"நக்கோ, நக்கோ, வேணாம்! சூட்டோட அணைச்சா டர்போக்குள்ள ஆயில் கருகிடும். எந்த லாரிக்காரனாவது பட்டுனு அணைப்பானா? ஆறட்டும்."

ஒரு நிமிடம் போதும் என்று எனக்கே தெரியும். அண்ணனோ தொட்டுப் பார்ப்பார், தலையாட்டுவார், "இன்னும்" என்பார். மீட்டிங்கும் முடியவில்லை.

"அண்ணே, பெட்ரோல் முள்ளு கீழே போயிடுச்சு."

"லாரி டேங்க்ல இதெல்லாம் ஒரு கணக்காடா?"

"இது லாரி இல்லண்ணே."

"வாயை மூடு."

அதிகாரி படியிறங்கி வந்தார். கார் இரண்டு முறை இருமி, அவர் காலடியில் அணைந்தது. டேங்கில் ஒரு சொட்டு இல்லை. அவர் ஷீலாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போனார்.

"டர்போ, சிலிண்டருக்குள்ளயே நேரா பெட்ரோலைப் பீச்சறது, எல்லாமே டீசல்லேர்ந்து எடுத்து எப்பவோ கார்ல வெச்சாச்சாம் மாமா. இன்னும் எடுப்பாங்களாம். வேலைக்குத்தான்... சாரி மாமா."

"பாத்தியாடா! நான் சொன்னதைத்தான் செய்யறாங்க!" அண்ணன் என் முதுகில் ஓங்கி அறைந்தார். வேலை கிடைக்காத சேதி அவர் காதுக்கே போகவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பையை எடுத்தேன். "போ. ஆனா எந்த வண்டியையும் பட்டுனு அணைக்காதே" என்றார்.

மறுநாள் காலை அமீர்பேட்டில் வாடகைக் கார் ஓட்டும் வேலை கிடைத்தது. புத்தம்புது பெட்ரோல் கார். பானெட்டைத் திறந்தால் உள்ளங்கை அளவில் ஒரு டர்போ. முதல் சவாரி முடிந்து வந்து நிறுத்தினேன்.

"ஏம்ப்பா, எஞ்சினை அணைக்காம என்ன பண்றே?" என்றார் முதலாளி.

"ஒரு நிமிஷம் சார்" என்றேன். "ஆறட்டும்."