எழுதியவர் இருக்கிறாரா, போய்விட்டாரா?

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. உங்கள் மாமியாரின் வலது காலைத் தவிர இங்கு அனைவரும் நலம். அங்கு எல்லாருடைய எல்லாக் கால்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் அனுப்பிய புத்தகம் படிக்கும் கருவி வந்து சேர்ந்தது. மாவுக்கட்டு போட்டதிலிருந்து அவள் சுவரைப் பார்த்தபடியே கிடக்கிறாள், எது கேட்டாலும் 'ம்' தான் என்று என் மகளிடம் புலம்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து புத்தகங்களை ஏற்றித் தருவதாகச் சொன்னீர்கள். காலமெல்லாம் குடிநீர் நிலையத்தில் மோட்டார் ஓட்டியவனுக்கு இது பெரிய காரியமா என்று நானே இறங்கிவிட்டேன். போனில் 'இலவசப் புத்தகம்' என்று தேடினேன், 'பதிவிறக்கு' என்று பச்சையாக ஒரு பொத்தான் வந்தது, தொட்டேன், புத்தகம் வரவில்லை, ஒரு பெண் வந்து என் தொப்பையைக் கரைத்துத் தருவதாகக் கத்தினாள், நிறுத்தத் தெரியாமல் போனைத் தலையணைக்கு அடியில் திணித்தேன், அங்கிருந்தும் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்தார். "பச்சைப் பொத்தானையெல்லாம் தொடாதீங்கண்ணே," என்று ஒரு மின்நூலகத்தைத் திறந்து காட்டினார். "எழுதினவர் இருக்காரா, போயிட்டாரான்னு மட்டும் பாருங்க. போய்ப் பல வருஷம் ஆயிருந்தா அது பொதுச்சொத்து. யார் வேணா எடுத்துக்கலாம்."

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. சாப்பாடு ஆற ஆற எழுத்தாளர்களின் இறந்த வருடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் இருக்கிறார் என்றால், நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு அடுத்தவரிடம் போனேன். ஒரு புத்தகத்தில் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் என்றெல்லாம் பெயர் போட்டிருந்தது. காசு வாங்காமல் முந்நூறு பக்கம் தட்டியிருக்கிறார்கள் மாப்பிள்ளை! யார் இவர்கள், வீட்டில் திட்டமாட்டார்களா? கடைசியில் ஒரு கதையைப் பிடித்து, மகள் இங்கே விட்டுப்போன கம்ப்யூட்டரில் இறக்கி, கருவியைக் கம்பியால் அதில் மாட்டினால் சார்ஜ் ஏறுகிறது, புத்தகம் ஏறவில்லை. வேறு கம்பி மாட்டினேன், ஏறியது. திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு, பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடுகிறது. பக்கத்தைப் படம் பிடித்த கோப்பாம் அது. அதே கதையை மின்நூல் வடிவில் எடுத்தேன். எழுத்து பூசணிக்காய் மாதிரி வந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். கப்பல் மூழ்கி ஒருவன் மட்டும் தப்பி வருகிறான். கதவைத் திறந்த மனைவி, "இவர் என் வீட்டுக்காரர் இல்லை" என்கிறாள். அந்த இடத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன்.

"அவ பொய் சொல்றா," என்றது ஒரு குரல்.

உங்கள் மாமியார்தான் மாப்பிள்ளை! சுவரைவிட்டு என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"எப்படிச் சொல்ற?"

"அடையாளம் தெரியாதவன்னா யாரு நீங்கன்னுல்ல கேட்டிருப்பா? இங்க குடுங்க. நீங்க படிக்கிறது செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

பிடுங்கிக்கொண்டாள். இப்போது திட்டுகிறாள், சிரிக்கிறாள், காபி கேட்கிறாள். ஆகவே தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். நிலைமை என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மகளும் தாங்களும் குறையொன்றும் இல்லாமல் வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். உறையை ஒட்டும்போது உள்ளே ஒரே அலறல். கதை முடிகிற இடத்தில் 'முதல் பாகம் முற்றிற்று' என்று போட்டிருக்கிறது. இரண்டாம் பாகத்தை எழுதியது அந்த எழுத்தாளருடைய பேரனாம். விசாரித்துவிட்டேன், மனிதர் திடகாத்திரமாக இருக்கிறார். கடையில் அதை வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வரவும். உங்கள் மாமியார் தானே போய் வாங்குவதாகச் சொல்லிக் கட்டிலைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறாள்.