முன்கையில் ஓர் எல்லைக்கோடு

மனைவியின் கையில் இன்னொருவன் கோடு போட்டிருந்தான். நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லைக்கோடு வரைகிற மனிதருக்கு இது பொறுக்குமா?

திங்கட்கிழமை துணி உலர்த்தும்போது ஏதோ பூச்சி அவளைக் கடித்தது. மாலைக்குள் முன்கை சிவந்து, தடித்து, உப்பிவிட்டது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்தார். அத்தோடு நின்றாரா? சிவப்பின் ஓரமாக நீலப் பேனாவால் ஒரு வட்டமும் போட்டார். சிவப்பு அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. கோடு இருக்கும்வரை கையில் தண்ணீர் படக்கூடாது.

பாத்திரம் தேய்க்கும் வேலை கணவரிடம் வந்து சேர்ந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். வியர்வையில் கோடு மங்க மங்க, அவள் தினமும் போய்ப் புதுக்கோடு போட்டு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னிக்கும் போனியா?"

"மங்கிடுச்சுங்க."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"தங்கமான மனுஷன். பூவைத் தொடற மாதிரி கையைப் புடிச்சுப் போட்டாரு. வலிக்கவே இல்ல."

பூவைத் தொடற மாதிரி! இப்போது அவரையும் ஏதோ ஒன்று சுருக்கென்று கடித்தது. அதற்குக் களிம்பு கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை இழுத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு கோடா? இங்க தடிமன், அங்க மெலிசு. ரெண்டு முனையும் சேரவே இல்ல."

"அவரு மருந்து விக்கிறவருங்க."

"அப்போ மருந்த மட்டும் விக்கச் சொல்லு. நாளையிலேர்ந்து நானே போடறேன்."

மறுநாள் மாலை அலுவலகப் பேனாவும் மைப்புட்டியும் சட்டைப்பையில் வந்தன. மேஜை விளக்கை இழுத்து வைத்து, மூச்சை அடக்கி, ஒரே வீச்சில் வட்டத்தை முடித்தார். முடியிழை போன்ற கோடு. அவருக்கே கண் கலங்கியது.

"அழகா இருக்குங்க. மங்கிடாதே?"

"மங்கறதா? எங்க ஆபீஸ் மை இது. முப்பது வருஷத்து வரைபடம் வெள்ளத்துல முங்கி எழுந்தும் ஒரு கோடு கலையல."

அவள் கையை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ இனிமே கடைக்குப் போகவே வேண்டாம்" என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டதில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் அன்று வெற்றி பெற்ற மயக்கத்தில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது. கடித்த இடமே தெரியவில்லை. அவர் உற்சாகமாகப் பாத்திரம் துலக்கும் நாரை அவளிடம் நீட்டினார். அவள் கையை நீட்டினாள். கோடு நேற்றுப் போட்டது போல மின்னியது.

"கோடு இருக்கிற வரைக்கும் தண்ணி படக்கூடாதுங்க."

"அதான் சரியாயிடுச்சே!"

"அதை நீங்க சொல்றீங்க. கோடு சொல்லலியே."

சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் என்று எதையெதையோ எடுத்து வந்தார். எதுவும் கிட்டே வரக்கூடாது என்றாள். தோல் இன்னும் பச்சையாம். திங்கள் அவரே பாத்திரம் தேய்த்தார். செவ்வாய் தேய்த்தார். புதன் மாலை வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மருந்துக்கடைப் படியேறினார்.

"தோலுக்குக் கெடுதல் இல்லாம மை அழிக்கிற மருந்து ஏதாவது இருக்குங்களா?"

"ஒரே ஒரு பாட்டில்தான் சார் இருந்துச்சு" என்றார் கடைக்காரர். "போன வாரமே உங்க வீட்டம்மா வாங்கிட்டுப் போயிட்டாங்க. எதுக்கும்மான்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர் கையில கிடைக்காம இருக்கத்தான்னு சொன்னாங்க."